பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக்

சசிகுமாரின் சைக்கிளில் பிரேக் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அவன் வித்தை காட்டுகிற பிஎம்எக்ஸ் சைக்கிளின் சட்டத்தில் பின் பிரேக் மாட்டுவதற்காகப் பற்றவைத்திருந்த இரண்டு முளைகளையும் கிரைண்டரால் அறுத்து, அரம் போட்டு, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அப்போது நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஆட்கள் யாரும் பிரேக் வைத்திருக்கவில்லை. சட்டம் வழுவழுவென்று இருந்தால்தான் அழகு, நிறுத்த வேண்டுமென்றால் சப்பாத்தைப் பின் டயரில் வைத்து அழுத்தினால் போதும் என்று சொன்னதும் நான்தான். சசி நம்பினான். நான் சொல்வதை அவன் எப்போதும் நம்புவான்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில், கோலா சிலாங்கூரில் புக்கிட் மலாவத்தி குன்றின் இறக்கத்தில் அவன் வந்துகொண்டிருந்தபோது ஒரு குரங்கு தன் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தது. சசி காலை டயரில் வைத்தான். முந்தின நாள் மழையில் சாலை இன்னும் ஈரமாக இருந்தது. சப்பாத்து வழுக்கிவிட்டது. குரங்குக்கு ஒன்றுமில்லை. சசி ஓரத்துக் கல்சுவரில் போய் மோதினான். காரை எலும்பும் தாடையும் உடைந்தன. செம்பனைக் குலை ஏற்றும் லோரியை மூன்று மாதம் ஓட்ட முடியவில்லை. ஆறு வாரம் கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சினான்.

அவன் மனைவி புனிதவதி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க சைக்கிள்லயும் பிரேக்க அறுத்துட்டீங்களா?"

நான் அறுக்கவில்லை. என்னுடையது பழைய சட்டம், அறுத்துப் பெயிண்ட் அடிக்கச் சோம்பேறித்தனம். வேறு காரணம் இல்லை. ஆனால் அந்த வாசலில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும். இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

நான் என் சைக்கிளை அந்த வாரமே விற்றேன். ஜூன் மாதம் கையுறைத் தொழிற்சாலை இரவு ஷிப்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். ராஜினாமாக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. ஒருநாள் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடித்தது, நான் ஏறவில்லை, அவ்வளவுதான். பிறகு புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து சைக்கிள்களைப் பழுது பார்க்கத் தொடங்கினேன். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பது அந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

செப்டம்பரில் சசி வந்தான். தாடை கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்ட வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது என்றான். ஆனால் பிரேக் இருக்க வேண்டும். அதை நான்தான் மாட்ட வேண்டும். பிறகு விழுந்த அதே இடத்தில் புனிதவதியின் கண்ணெதிரே நிறுத்திக் காட்ட வேண்டும்.

"கிள்ளான்ல நல்ல கடை இருக்கே. நான் ஏன்?"

"அறுத்தவரே மாட்டட்டும்கிறா."

"சரியா வரலைன்னா?"

"சைக்கிள வித்துடணும். அப்புறம் உன் வீட்டுப் பக்கமும் வரக்கூடாதாம்." அவன் சிரிக்க முயன்றான். "சீரியஸாத்தான்லா சொல்றா."

அவனைத் தவிர எனக்கு நண்பன் என்று யாரும் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

பழைய சட்டம் உதவாது. முளைகளை அறுத்த இடத்தில் மறுபடி பற்றவைத்தால் குழாய் வலுவிழந்துபோகும். புதுச் சட்டம் வேண்டும். இப்போது வருகிற சட்டங்களில் முளைகள் திருகாணி போட்டு மாட்டுகிற மாதிரி வருகின்றன. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழற்றலாம், கிரைண்டர் தேவையில்லை. கடையில் இதைக் கேட்டதும் சசி என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒரு வருடம் முன்பே இந்த மாதிரிச் சட்டம் இருந்ததா என்று கேட்டான். இருந்தது என்றேன்.

மற்ற சாமான்களுக்குத்தான் சண்டை. முதலில் அவன் டிஸ்க் பிரேக் கேட்டான். இந்தச் சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது, இருந்தாலும் கைப்பிடிக் கம்பி மேல் சைக்கிளைச் சறுக்கி வித்தை காட்டினால் தட்டு வளைந்துவிடும் என்றேன். பிஎம்எக்ஸுக்கு யூ பிரேக்தான். இரண்டு வளைந்த கைகள் டயருக்கு மேலே ஒன்றையொன்று தாண்டிப் போய், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும். சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும், காலில் இடிக்காது.

அடுத்து ஜைரோ கேட்டான். அது ஹேண்டில்பாரை எத்தனை சுற்று சுற்றினாலும் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வைக்கிற ஒரு வட்டு. மேலே இரட்டைக் கேபிள், கீழே இரட்டைக் கேபிள். ஏதாவது ஒன்று தளர்ந்தாலும் வட்டு சாய்ந்துகொள்ளும், பிரேக் பாதிதான் பிடிக்கும். அது கூடாது என்றேன். கைப்பிடி நெம்புகோலிலிருந்து பின்னால் வரை ஒரே கேபிள், கொஞ்சம் நீளம் விட்டு. ஹேண்டில்பாரை ஒரு சுற்று சுற்றலாம், அதற்கு மேல் சுற்ற ஆசைப்பட்டால் பொண்டாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

"உனக்கு இவ்வளவு பயம் எப்ப வந்துச்சு மச்சான்?"

"ஏப்ரல்ல."

அவன் ஜைரோவை அலமாரியில் திரும்ப வைத்தான்.

நெம்புகோல் எந்தப் பக்கம் என்பதை நான் இரண்டு நாள் யோசித்தேன். சசி வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் திரிவான். நம் ஊர் மோட்டாரில் இடது கையில் ஒன்றும் கிடையாது, கிளட்ச்கூட. பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் வலது கையும் வலது காலும்தான். பதற்றத்தில் அவன் இடது கை எதையும் தேடாது, இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். அதனால் வலது பக்கம் வைத்தேன். ஒரு விரலால் இழுக்கிற குட்டை நெம்புகோல். மற்ற மூன்று விரலும் பிடியை விடக்கூடாது.

பிரேக் கட்டையில் விட்டுக்கொடுக்கவில்லை, ரிம்மிலும் விட்டுக்கொடுக்கவில்லை. மென்மையான ரப்பர் கட்டை சீக்கிரம் தேயும், கத்தவும் செய்யும், ஆனால் கவ்வும். ரிம் அவன் கறுப்பு கேட்டான். கறுப்புப் பெயிண்ட் உரிந்து கட்டையில் அப்பிக்கொள்ளும். குரோம் பூசிய ரிம்தான் ஈரத்திலும் பிடிக்கும். பளபளவென்று கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி இருக்கிறது என்றான். இருக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை காலையில் மாட்டத் தொடங்கி மாலையில் முடித்தேன். இரண்டு மணி நேர வேலை, நான் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். முளைகளைத் திருகி, அவை ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிரேக் கைகளை மாட்டினேன். கட்டைகள் ரிம்மின் நடுவில் உட்கார வேண்டும். மேலே போனால் டயரை அறுக்கும், கீழே போனால் ஆரக்கம்பிகளுக்குள் வழுக்கிப் போகும். முன்முனை ஒரு மயிரிழை முதலில் தொட வேண்டும். இரண்டு கைகளையும் பிளாஸ்டிக் நாடாவால் ரிம்மோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டு, கேபிளை இழுத்து முடுக்கினேன். பிறகு நாடாவை அறுத்து, ஸ்பிரிங்குகளைச் சரி செய்தேன். வலது பக்கம் விலகியது, இடது பக்கம் ஒட்டிக்கொண்டது. மறுபடி. மறுபடி. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி, ஒரு நகத்தின் கனம். புதுக் கேபிள் முதலில் கொஞ்சம் நீளும், அதனால் நெம்புகோலை ஐம்பது அறுபது தடவை முழு பலத்தோடு இழுத்துவிட்டு, தளர்ந்ததை மறுபடி முடுக்கினேன்.

சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு ஒரு விரலால் இழுத்தேன். க்ரீச் என்ற சத்தத்தோடு அப்படியே நின்றது. வீட்டு முன் லோரோங் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பிடித்துப் பார்த்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் கோடு போட்டது. ஏறி ஓட்டவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு நான் எந்த சைக்கிளிலும் ஏறியதில்லை.

மாலை சசி வந்து எடுத்துக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை அவர்கள் தோட்டத்துக் கோவிலில் சைக்கிளுக்குப் பூசை, சனிக்கிழமை காலை மலாவத்தி. பூசைக்கு வரச் சொன்னான். போகவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. சுற்றுலாக்காரர்கள் இன்னும் வரவில்லை. சசி தன் மாமாவின் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சைக்கிள் கழுத்தில் ஒரு சிறு மல்லிகைச் சரம், சட்டத்தில் சந்தனம், குங்குமம், டயரில் எலுமிச்சை நசுங்கிய அடையாளம். புனிதவதி பாலர் பள்ளிச் சட்டை போட்டிருந்தாள். அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டமாம், பத்து மணிக்குள் போக வேண்டும். இறக்கம் தட்டையாகிற இடத்தில், அந்தக் கல்சுவருக்குப் பத்தடி முன்னால், கைக்குடையைச் சாலை மேல் குறுக்கே வைத்தாள்.

"இதத் தாண்டக்கூடாது," என்றாள்.

சசி தலைக்கவசத்தை மாட்டினான்.

"நீங்க இல்ல. அவரு மொதல்ல."

சசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டேன். அவள் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. நான் மாட்டியது, நான்தான் முதலில் போக வேண்டும். கேட்காமலே நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். வியாழக்கிழமை பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் அங்கே ஒருமுறை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் என் தவறுதான். வளைவில் திரும்பி ஏறி உட்கார்ந்தேன். இறங்கினேன்.

வேகம் பிடித்ததும் காற்று முகத்தில் அடித்தது. குடை தெரிந்தது. குடைக்கு முப்பது அடி முன்னால் நெம்புகோலை இழுத்தேன். இழுவை இருந்தது, கட்டைகள் ரிம்மைத் தொட்டதும் தெரிந்தது, ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே வரவில்லை. வெண்ணெயைப் பிடித்தது போல இருந்தது. விரலை இன்னும் இறுக்கினேன். ஒன்றுமில்லை. குடை சக்கரத்துக்கு அடியில் போனது. நான் ஹேண்டில்பாரை ஒடித்து, சுவருக்குப் போகாமல் எதிர்ப்புறம் புல்மேட்டில் ஏற்றினேன். அங்கே விழுந்தேன்.

முழங்காலும் முழங்கையும் உரிந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சசி ஓடி வந்தான். புனிதவதி ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"போதும். வித்துடலாம்."

சசி கேபிளைப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. நான் புல்லில் உட்கார்ந்தபடியே வியாழக்கிழமை செய்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். முளை, கை, ஸ்பிரிங், கட்டை, கேபிள். எதிலும் தவறு தெரியவில்லை. தவறு எங்கே என்றே தெரியாமல் தவறு செய்கிறவன்தான் நான் என்று அப்போது தோன்றியது. அப்படிப்பட்டவனிடம் யாரும் சைக்கிளைக் கொடுக்கக்கூடாது. அவள் சொல்வது சரி. எழுந்து போய்விடலாம் என்றுதான் கையை ஊன்றினேன். கை பின்சக்கரத்தில் பட்டது.

ரிம் வழுவழுவென்று இருந்தது. புதுக் குரோமின் வழுவழுப்பு இல்லை. விரலை முகர்ந்து பார்த்தேன்.

"சசி, இத யாரு தொடைச்சது?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"நான்தான்," என்றாள் அவள். "பூசைக்கு முன்னாடி. தூசியா இருந்துச்சு."

"எதால?"

"தேங்கா எண்ணெய்ல. எங்கப்பா மோட்டார் ரிம்ம எப்பவும் அப்படித்தான் தொடைப்பாரு, பளபளன்னு இருக்கும்." சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. மாட்டியதில் ஏதோ கோளாறு, சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த பூசைக்கு மறுபடி எண்ணெய் போடுவாள்.

அதனால் உள்ளதைச் சொன்னேன். மோட்டாருக்குப் பின் பிரேக் சக்கரத்தின் நடுவில், குடத்துக்குள் இருக்கிறது. ரிம்மில் எண்ணெய் தடவினாலும் பால் அபிஷேகம் செய்தாலும் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. இதில் ரிம்தான் பிரேக். கட்டை பிடிப்பதே அந்தப் பளபளப்பில்தான். அதில் எண்ணெய் போட்டால் பிரேக் இல்லாத மாதிரிதான்.

அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வளைந்துபோன குடையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இவரு மொதல்ல போயிருந்தா," என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"போகல," என்றேன். "நீங்கதான என்னை அனுப்பினீங்க."

சசிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தாடை வலிக்கும், அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். ஒருத்தன் பிரேக்கை அறுத்தான், ஒருத்தி எண்ணெய் போட்டாள், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் எப்படி உயிரோடு இருக்கிறேன் என்றான். அவள் அவனை முறைத்தாள். முறைப்பு நிற்கவில்லை. குனிந்துகொண்டு அவளும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"சரி பண்ண முடியுமா, முடியாதா?" என்று என்னிடமே கேட்டாள். வார்டு வாசலுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

முடியும் என்றேன்.

சசி வேனை எடுத்துக்கொண்டு கீழே டவுனுக்குப் போனான். மருந்துக் கடை திறந்திருக்கவில்லை. பலசரக்குக் கடையில் பாத்திரம் கழுவும் சோப்பும், கார் சாமான் கடை ஒன்றில் ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் வாங்கி வந்தான். அதற்குள் நான் கட்டைகளைக் கழற்றி வைத்திருந்தேன். புனிதவதி பள்ளிப் பையிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கை துடைக்க வைத்திருந்த துணிகளை எடுத்துக் கொடுத்தாள். சோப்புத் தண்ணீரால் ரிம்மை மூன்று தடவை கழுவினோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு ஸ்பிரிட். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் ஒட்டாத வரை. எண்ணெய் ஊறிய கட்டைகளின் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன். இந்த முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேட்டாள். கட்டையில் இருக்கிற கோடு தேய்ந்து மறைந்தால் மாற்ற வேண்டும் என்று காட்டினேன். அவளே நெம்புகோலை இழுத்துப் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி இழுத்தாள். க்ரீச்.

"இவ்வளவு கத்துமா?"

"கத்தினா நல்லது. கத்தலைன்னாத்தான் பயப்படணும்."

குடை உடைந்துவிட்டதால் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் வைத்தாள். இம்முறை சமதரையில் நான்கு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன். முழங்காலில் இரத்தம் காய்ந்து இழுத்தது. அதே வளைவு, அதே இறக்கம். அதே இடத்தில் ஒரு விரலால் இழுத்தேன். சத்தம் மரங்களுக்குள் எல்லாம் கேட்டிருக்கும், கிளைகளில் இருந்த குரங்குகள் தாவி ஓடின. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு லேசாக ஒரு பக்கம் இழுத்து, நின்றது. செருப்புக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம்.

நான் உடனே இறங்கவில்லை. அப்படியே ஒரு காலை ஊன்றி நின்றேன். ஏப்ரலிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறுகிக் கிடந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அதை நான் மூச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து சசி போனான். அவன் இறங்கி வருகிற நேரம் முழுக்கப் புனிதவதி என் பக்கத்தில் நின்று தன் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்புக்கு நான்கடி முன்னால் நின்றான். இரண்டாவது முறை மூன்றடி. கணக்கு பார்த்து வேண்டுமென்றே பக்கத்தில் கொண்டுவருகிறான் என்று தெரிந்ததும் அவள் அவனைத் திட்டினாள். வழக்கமாகக் கணவனைத் திட்டுகிற மாதிரித் திட்டு.

ஒன்பது மணிக்குக் கீழே நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர் மேசையை விரித்துவிட்டார். அவள் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, பசியாற எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறோம், வாங்கி வருகிறேன் என்று நடந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு முட்டை வேணுமா?" என்று பாதி வழியில் நின்று கேட்டாள்.

வேண்டும் என்றேன்.

சசி அதற்குள் மறுபடி மேலே போய்விட்டான். அவள் மேசைக்கு முன்னால், சாலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். நெத்திலிச் சம்பல் ஒரு பொட்டலத்தில் மட்டும் குறைவாக இருக்கட்டும், அவருக்குத் தாடை இன்னும் சரியாகவில்லை, நெத்திலி கடிக்க முடியாது என்று கடைக்காரருக்கு மலாயில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சசி முழு வேகத்தில் இறங்கி வந்து பிரேக்கைப் பிடித்தான். அந்தச் சத்தத்துக்குக் கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பொட்டலம் என்று விரலைக் காட்டினாள்.